மறுத்தவர் யார், சுமந்தவர் யார்? செஞ்சிச் சீமையின் வரி வரலாறும் வறியோர் பங்கும்

கேள்வி

செஞ்சி என்றதும் தமிழர் நினைவில் முதலில் வந்து நிற்பவன் ராஜா தேசிங்கு. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் சினிமாவிலும் அவனது குதிரை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதன்பின் இந்த ஊரின் வீர வரலாறு இன்னும் உரக்கப் பேசப்படுகிறது. ஆனால் தேசிங்கின் போருக்கு மூலகாரணம் ஒரு வரிப் பாக்கி என்பதை அந்தப் பேச்சில் அதிகம் கேட்க முடிவதில்லை. அந்தப் பாக்கி யாருடைய உழைப்பிலிருந்து வந்திருக்க வேண்டிய பணம் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுதான். செஞ்சியையும் அதைச் சுற்றிய பழைய தென்னார்க்காட்டுச் சீமையையும் வைத்துப் பார்க்கும்போது, ஒரு வரி நியாயமானதா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? விளைச்சலில் எத்தனை பங்கு என்ற வீதத்தைக் கொண்டா? வாங்குபவரின் தகுதியைக் கொண்டா? சுமை கடைசியில் யார் முதுகில் இறங்குகிறது, வசூலானதில் அவர்களுக்கு என்ன திரும்புகிறது என்பதைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வாதம். இந்த அளவுகோலை வைத்தால் நாம் போற்றும் சில மறுப்புகள் சிறுத்துப் போகின்றன. மறந்துபோன சில மறுப்புகள் பெரிதாகத் தெரிகின்றன.

தமிழில் வரி நீதி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புறநானூற்று அறிவுரையிலிருந்து தொடங்குவர். அது உயர்ந்த பாட்டு. ஆயினும் அது அரசனை நோக்கிப் பேசுகிறது. அளவோடு எடுத்தால் உனக்கே நீண்ட நாள் பயன் என்று எடுப்பவனின் நலனைக் காட்டி வாதாடுகிறது. கொடுப்பவன் தன் வாயால் பேசினால் என்ன சொல்லியிருப்பான் என்பதற்கு வேறு சான்றுகளைத் தேட வேண்டியிருக்கிறது.

தேசிங்கின் பாக்கி

சான்றுகள் ஓரளவு தெளிவாக உள்ள இடம் இது. செஞ்சி வரலாற்றுக்கு அடிப்படை நூல் சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943 இல் வெளியிட்டது. நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர் எனக் கைமாறிய கோட்டையை, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698 இல் முகலாயப் படை பிடித்தது. பின்னர் புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங் கோட்டைத் தலைவரானார். 1714 இல் அவர் இறந்தார். மகன் தேஜ் சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். நம் நாவில் தேசிங்கு ஆனவன் அவன்தான். தந்தை காலத்திலிருந்து நின்றுபோன கப்பத்தை ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டார். தேசிங்கு மறுத்தான். 1714 அக்டோபர் 3 அன்று நடந்த போரில் இறந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது என்பர்.

ஆர்க்காட்டின் அதிகாரத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் தனக்கில்லை என்பது தேசிங்கு தரப்பு. பேரரசின் பெயரால் வசூலிக்கும் உரிமை தனக்கு உண்டு என்பது நவாப் தரப்பு. சட்ட நுணுக்கமாகப் பார்த்தால் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் இருவரும் மோதிக்கொண்டது ஏற்கெனவே ஊர்களில் திரட்டப்பட்ட, அல்லது திரட்டப்பட வேண்டிய பணத்தின் மீது. கப்பம் கட்ட மறுத்த கோட்டைத் தலைவன் குடிகளிடம் வாங்கும் தீர்வையைக் குறைத்தான் என்று கதைப்பாட்டு சொல்வதில்லை. வரலாற்றுச் சான்றும் இல்லை. அவனது துணிவையோ, உயிர் கொடுத்த தோழன் மாபத்துக்கானின் நட்பையோ இது குறைத்துவிடாது. அந்த நட்பு மதம் கடந்து நின்றதால்தான் மக்கள் அதை இன்றும் பாடுகிறார்கள். எனினும் வரி மறுப்பின் வரலாறாக இதை வாசிக்கும்போது, இது எடுப்பவர்களுக்குள் நடந்த பாகப் பிரிவினைச் சண்டை என்று சொல்லியே ஆக வேண்டும். விஜயநகரத்துக்கும் நாயக்கர்களுக்கும், நவாபுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே முன்னும் பின்னும் நடந்தவற்றில் பலவும் இவ்வகையே.

கோட்டைக்குள் போகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அருகில், தடித்த சுவரும் கமான் வளைவுக் கூரையும் கொண்ட களஞ்சியத்தைப் பார்க்கலாம். மலை மேலும் களஞ்சியங்கள் உண்டு. கோட்டையின் மற்றொரு குன்றான கிருஷ்ணகிரியில் எண்ணெய்க் கிணறு என்று ஒரு தொட்டியையும் காட்டுவார்கள். பயணிகள் இவற்றின் அளவை வியக்கிறார்கள். வியப்பு நியாயமானதே. ஆனால் இக்கட்டடங்கள் எதற்காக எழுந்தன என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். முற்றுகை நாளில் படைக்குச் சோறு போடுவதே அவற்றின் வேலை. ஏரிப் பாசன நன்செயிலும் மானாவாரிப் புன்செயிலும் விளைந்த தானியம் படியேறி மேலே போனது. கீழே பஞ்சம் வந்தால் இறங்கி வரும் என்ற உறுதியை எந்த அரசும் குடிகளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

1429: குடிகள் எழுதிய வரி வீதம்

தேசிங்குக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்பு, இதே வடதமிழகத்திலும் காவிரிக் கரையிலும் நடந்த ஒன்று வேறு வகையானது. விஜயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் காலத்தில், சக ஆண்டு 1351 இல், செஞ்சிக்குத் தெற்கே விருத்தாசலம், பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறை, மயிலாடுதுறைப் பக்கத்துக் கொறுக்கை முதலிய ஊர்களில் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. வெட்டுவித்தவர் அரசரோ அதிகாரியோ அல்லர். வலங்கை, இடங்கை என்ற இரு சாதித் தொகுதிகளில் வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் கூடி எடுத்த முடிவுகள் அவை.

அவற்றின் சாரம் இது. விளைச்சலைப் பார்க்காமல் அநியாயமாக வரி விதித்தார்கள். ஊரை விட்டு ஓடிப்போகும் நிலைக்கு வந்தோம். மண்டலம் முழுவதும் ஒன்றுபடாமல் இருந்ததே இதற்குக் காரணம் என உணர்ந்தோம். இனி விளைந்ததற்கு ஏற்ற நியாயமான வரியை மட்டுமே கட்டுவோம். இதோடு நில்லாமல் எந்தப் பயிருக்கு எவ்வளவு, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று வீதங்களையும் தாமே வகுத்துக் கல்லில் பொறித்தனர். அரசு அதிகாரிகளுக்குத் துணைபோகும், நிலவுரிமை பெற்ற காணியாளர்களையும், அவர்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பவர்களையும் பகைவராக அறிவித்தனர்.

இக்கல்வெட்டுகளின் பொருள் பற்றி ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. டி. வி. மகாலிங்கம் போன்ற முந்தைய தலைமுறையினர் விஜயநகர ஆட்சியின் வரிப்பளுவுக்குச் சான்றாக இவ்வகைக் கல்வெட்டுகளைக் கொண்டனர். பர்ட்டன் ஸ்டைன், மைய அரசின் பிடி கிராமம்வரை எட்டியது என்ற எண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கியவர். அவர் பார்வையில் வலங்கை இடங்கை என்பவை வட்டார அளவில் பல சாதிகளை இணைத்த பெரும் கூட்டணிகள். நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் 1980களில் இவற்றை ஒருசேர வைத்து ஆராய்ந்தபோது, அதிகாரிகளோடு நின்ற பிராமண, வேளாளக் காணியாளர்களுக்கும், உழவர், கைவினைஞர், வணிகர் அடங்கிய வலங்கை இடங்கைப் பிரிவினருக்கும் இடையிலான சமூக மோதலாக அதைக் கண்டனர். எனக்கு இந்த வாசிப்பே வலுவானதாகப் படுகிறது. வரிப்பளு மட்டுமே காரணமென்றால் உள்ளூர்க் காணியாளரைப் பகைக்க வேண்டிய தேவை இராது. அநியாயம் தலைநகரிலிருந்து மட்டும் வரவில்லை, அடுத்த தெருவிலிருந்தும் வந்தது என்பதை அந்த மக்கள் தெளிவாக அறிந்திருந்தனர். வழக்கமாக ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட வலங்கையும் இடங்கையும் ஒன்றுசேர்ந்ததை நம் வரலாற்றின் அரிய கணம் என்றே கருதுகிறேன். இதற்கு ஒரு கதைப்பாட்டு இல்லை, ஒரு சிலை இல்லை.

கணக்கைப் பற்றிய அவர்களது எச்சரிக்கை தனியே கவனிக்கத் தக்கது. வீதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், நிலத்தை அளப்பவரும் விளைச்சலை மதிப்பவரும் ஓலையில் எழுதுபவரும் எதிர்த்தரப்பில் இருந்தால் அந்த வீதத்துக்குப் பொருளில்லை. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளைத் தமிழ்நாடு ஒழித்தது 1980 இல். 1429 இல் சுட்டிக்காட்டப்பட்ட ஒரு குறையின் மிச்சம் அவ்வளவு காலம் நீடித்தது.

தானியமா, பணமா

ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகள் இன்னொரு வகைச் சான்று. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியரான நூனிஸ், உழுகுடிகள் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கைத் தம் தலைவருக்குக் கொடுத்தனர் என எழுதினார். அப்படியே நம்ப முடியாத அளவு அது. எந்த உழவனும் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு விதைக்க முடியாது. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சை மராட்டிய ஆட்சியைப் பற்றிய இயேசு சபைக் கடிதம் ஒன்று தரும் விவரம் வேறு தரத்தது. ஐந்தில் நான்கு பங்கு என்பதோடு, அதைத் தானியமாக வாங்காமல் பணமாகக் கேட்டனர் என்றும், விலையைத் தாமே உயர்த்தி நிர்ணயித்தனர் என்றும், விளைந்தது முழுவதையும் விற்றாலும் கடன் தீரவில்லை என்றும் அது சொல்கிறது. எண் மிகையாக இருக்கலாம். வசூலின் இயக்கத்தை அந்தக் கடிதம் சரியாகப் பிடித்திருக்கிறது.

அறுவடையில் பங்கு என்றால் விளைச்சல் பொய்க்கும்போது இழப்பை அரசும் பகிர்கிறது. இவ்வளவு பணம் என்று நிலையாக வைத்தால் மழையின் ஆபத்தும் விலையின் ஆபத்தும் முழுவதும் உழவன் தலையில். 1801 இல் கம்பெனி கைக்கு வந்த தென்னார்க்காட்டில் பின்னர் வேரூன்றிய ரயத்வாரி முறை இரண்டாவது வகை. 1820களின் நடுவிலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு சென்னை மாகாணத்தில் தானிய விலை சரிந்தது. கிஸ்து என்னும் நிலவரி காகிதத்தில் அதே தொகைதான். அதைக் கட்ட விற்க வேண்டிய நெல்லோ கேழ்வரகோ கூடிக்கொண்டே போனது. அறுவடை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கும்போது விலை இன்னும் இறங்கும். கிஸ்துத் தவணை அந்த நேரத்தில்தான் வரும். லேவாதேவிக்காரர் வாசலுக்கு உழவன் போனது ஊதாரித்தனத்தால் அல்ல.

இப்படி நெருக்கிய வசூல் எப்படி நடந்தது என்பதற்குச் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855 அறிக்கை சான்று. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட அக்குழுவிடம் 1,959 புகார்கள் வந்தன. புகார் செய்தவர்களில் 519 பேர் நேரிலேயே வந்தனர். விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து நிறுத்தும் அண்ணாந்தாள், உச்சி வெயிலில் நிறுத்துதல் எனப் பாக்கி வசூலுக்குக் கையாண்ட முறைகள் அதில் பதிவாயின. ஐரோப்பிய அதிகாரிகளுக்குத் தொடர்பில்லை, கீழ்மட்ட உள்ளூர் ஊழியரின் கொடுமை இது என்பதே குழு வந்த முடிவு. 1857 இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் இதைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ் அந்த விலக்கை ஏற்கவில்லை. சித்திரவதை நிதி நிர்வாகத்தின் பகுதியாகவே இருந்தது என்றார். இரு வாதங்களையும் சீர்தூக்கும்போது, மேலிருந்து தொகையை மட்டும் நிர்ணயித்துவிட்டு, கீழே அது எப்படி வந்தது என்று கேட்காமல் இருப்பதும் அக்கொடுமைக்குப் பொறுப்பாவதுதான் எனக் கொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கில் பெயர் இல்லாதவர்கள்

இதுவரை பேசியதெல்லாம் நிலம் உள்ளவர், பயிரிடுபவர், தொழில் நடத்துபவர் கட்டிய வரி. நிலமே இல்லாதவர் வரி கட்டவில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடம் கூட ஊன்றிக் கிடக்கிறது. வரலாறு அதற்கு நேர்மாறானது.

தமிழ்க் கல்வெட்டுகளில் தறி இறை, செக்கிறை, தட்டாரப் பாட்டம், வண்ணாரப் பாறை, குசக்காணம் எனத் தொழிலாளரைத் தொட்ட வரிகள் வரிசையாக வருகின்றன. துணி வெளுக்கும் கல்லுக்கும் பானை வனையும் சக்கரத்துக்கும் தனித்தனியே வரி இருந்தது. அதற்கும் கீழே வெட்டி, அமஞ்சி. கூலியின்றிச் செய்ய வேண்டிய வேலை அது. ஏரிக்கரை உடைந்தால் அடைக்கவும், அதிகாரியின் மூட்டை தூக்கவும் போன உடம்பே அந்த மனிதர் கட்டிய வரி. பட்டாவில் பெயர் இல்லாததால் வரிக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை. வரி கட்டியவருக்கு அரசிடம் ஏதோ ஓர் உரிமை உண்டு என்று சமூகம் ஒப்புக்கொண்டபோது, இவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. மறுபுறம் இறையிலி நிலம் பெற்றவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் கோயில்களும் பிராமணர்களும்தான். விலக்கு வலியவருக்குப் போனது, வேகாத வெயிலில் வெட்டி வேலை எளியவருக்கு வந்தது.

1892 இல், பக்கத்துச் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் நிலை பற்றி முந்தைய ஆண்டு எழுதிய அறிக்கையின் விளைவாக, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று வழங்குவது அதுதான். அவற்றில் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்குப் போனது. மீட்பதற்கான போராட்டம் இன்னும் முடியவில்லை. ஏழைக்குத் தந்த நிலத்தைக் கூடக் காப்பாற்றாத நிர்வாகம், அதே ஊரில் கிஸ்துப் பாக்கி ஒன்றையும் விட்டுவைத்ததில்லை.

நிலமற்றவரும் வரி கட்டினர் என்பதற்கு உப்பு இன்னும் தெளிவான சான்று. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாக அறுபது கிலோமீட்டர் அளவில் மரக்காணத்து உப்பளங்கள். 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகம். 1876-78 பஞ்சத்தில் மாகாணம் முழுவதும் மக்கள் மாண்டனர். பிரிட்டிஷ் இந்திய அரசின் தூதராக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்றார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அந்த உணவில் உழைக்கும் உடல் தேறாது என்று கடுமையாக எதிர்த்தார். அப்பஞ்சம் அடங்கும் நேரத்தில்தான் சென்னையில் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. அடுத்த பஞ்சத்துக்குச் சேர்த்து வைக்கப் புதிய வரிகள் என்றார்கள். 1878 இல் வந்த உரிம வரி வணிகர், கைவினைஞர் மேல் விழுந்தது. சம்பளம் வாங்கிய அதிகாரிகளும் உயர்தொழிலினரும் அதில் தப்பினர். அப்படிச் சேர்ந்த பஞ்ச நிதியிலும் ஒரு பகுதி ஆப்கானியப் போருக்குத் திரும்பியது. பஞ்சத்தில் பிழைத்தவர் கஞ்சியில் போட்ட உப்பிலிருந்து வசூலித்து அவரையே காப்பதாகச் சொன்ன திட்டம் அது. நம் வரி வரலாற்றில் இதைவிட வெளிப்படையான அநீதியை நான் அறியேன்.

ஜமாபந்தியில் நிற்பவர்கள்

ஆண்டுதோறும் கோடையில் செஞ்சி வட்டாட்சியர் அலுவலகத்தில், மற்ற வட்டங்களைப் போலவே, ஜமாபந்தி நடக்கிறது. நிலவரிக் கணக்கைத் தணிக்கை செய்து முடிக்க ஏற்பட்ட நிகழ்வு அது. இன்று நிலவரி மாநிலத்தின் வருவாயில் பெயரளவுக்கே. ஜமாபந்திக்கு வருகிறவர்கள் கையில் மனு இருக்கிறது. மனைப்பட்டா, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை. மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். பாக்கி கேட்க அரசு குடிகளைக் கூப்பிட்ட அதே நாளில் குடிகள் அரசிடம் தம் பாக்கியைக் கேட்கிறார்கள். ஒரு நூற்றாண்டு மக்களாட்சிப் போராட்டம் கொண்டுவந்த மாற்றம் இது. இதை நான் சிறிதாக எண்ணவில்லை.

மாநிலத்தில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையின்றி அரிசி. எல்லோருக்குமான பொது விநியோகம் என்பதால், ஏழை என்று நிரூபிக்கும் அவமானம் ரேஷன் கடை வரிசையில் இல்லை. களஞ்சியம் கோட்டைக்குள் இருந்த நாளோடு ஒப்பிட்டால், தானியம் முதன்முறையாக உரிமையாகக் கீழே வருகிறது. இதை ‘இலவசம்’ என்று இழிவாகப் பேசுவோரின் முதன்மை வாதம், வரி கட்டுபவர் பணத்தில் வரி கட்டாதவர் வாழ்கிறார் என்பது. இந்த வாதம் வருமான வரியை மட்டுமே வரி எனக் கொள்கிறது.

2017 ஜூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி. 2022 ஜூலையில் பை கட்டி விற்கும் அரிசி, மாவுக்கும் 5 விழுக்காடு வந்தது. சோப்பு, தலை எண்ணெய், பற்பசைக்கு 2025 செப்டம்பர் வரை 18 விழுக்காடு, பிறகு 5. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் கூலிப் பெண் இவற்றையெல்லாம் கட்டித்தான் வாங்குகிறார். சுமையின் பங்கீட்டில் மதிப்பீடுகள் வெகுவாக வேறுபடுகின்றன. 2023 இல் ஆக்ஸ்பாம் இந்தியா, இவ்வரியில் ஏறத்தாழ 64 விழுக்காட்டை மக்கள்தொகையின் கீழ்ப்பாதியினர் செலுத்துகின்றனர் என்றது. அதன் கணக்கீட்டு முறை விமர்சனத்துக்கு உள்ளானது. தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் ஆய்வு, 2022-23 நுகர்வுச் செலவுத் தரவைக் கொண்டு, கிராமப்புறக் கீழ்ப்பாதியினரின் பங்கு 31 விழுக்காடு அளவு என்றது. இரண்டாவது எண்ணே தரவுக்கு நெருக்கமானது என்று கொள்கிறேன். அதையே எடுத்துக்கொண்டாலும், ஏழைகள் வரி கட்டுவதில்லை என்ற பேச்சு நிற்காது. மேலும் இந்த ஆய்வுகள் செலவில் வரியின் பங்கைப் பார்க்கின்றன. வருமானம் முழுவதையும் செலவழித்துத் தீர்ப்பவருக்கும், பாதியைச் சேமிப்பவருக்கும் ஒரே வீதம் ஒரே சுமை ஆகாது.

மதுவை இக்கணக்கில் சேர்க்காமல் தமிழ்நாட்டைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது. டாஸ்மாக் வழி ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக 2023-24 இல் மாநிலத்துக்கு வந்தது சுமார் 45,800 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாது. அதில் பெரும்பகுதி கூலி உழைப்பாளர் வீடுகளிலிருந்து வருகிறது என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது, அதே வீட்டிலிருந்து எவ்வளவு வெளியே போகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நலத்திட்டங்களை ஆதரிக்கும் நம்மைப் போன்றவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுவது சரியன்று.

வலியோர் பக்கம் நடந்ததையும் இணையாக வைத்துப் பார்க்கலாம். 1985 இல் வாரிசுச் சொத்துத் தீர்வை எடுக்கப்பட்டது. 2015 வரவு செலவுத் திட்டத்தில் செல்வ வரி நீங்கியது. 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லப்பட்டது. செல்வ வரியில் வசூலை விடச் செலவு மிகுதி என்றனர். ஆனால் வசூல் குறைவாக இருந்ததற்கு விலக்குகள் மிகுந்திருந்ததே முக்கிய காரணம். இறையிலிகளைப் பெருக்கிவிட்டு நில வருவாய் போதவில்லை என்று சொல்வது போன்ற வாதம் அது.

முதியோர் உதவித்தொகையைத் தமிழ்நாடு 1962 இலேயே தொடங்கியது. இப்போது மாதம் 1,200 ரூபாய். 60 முதல் 79 வயதுள்ளோருக்கு அதில் ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொகை நகரவில்லை. அதைப் பெறவும், ஆதரவற்றவர் என்று கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து எழுத வேண்டும். வயது வந்த மகன் இருந்தால், அவன் கஞ்சி ஊற்றுகிறானா இல்லையா என்று பாராமல் மனு தள்ளுபடியாவது உண்டு. ரேஷன் அரிசிக்குத் தேவைப்படாத இந்த நிரூபணம் முதியவருக்கு ஏன் வேண்டும்? குறிப்பிட்ட வயதைக் கடந்த, வருமான வரி வரம்புக்குள் வராத எல்லோருக்கும் உதவித்தொகை என்று அறிவித்து, ஒன்றிய அரசின் 200 ரூபாயை விலைவாசியோடு இணைத்து உயர்த்தினால், அதற்கான பணம் எங்கே என்று உடனே கேட்பார்கள். வாரிசுச் சொத்துக்கும் பெருஞ்செல்வத்துக்கும் வரி இல்லாத நாட்டில் அந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினமல்ல. ஜமாபந்தியில் மனுவோடு நிற்பவர் தன் வாழ்நாள் முழுவதும் சோப்புக்கும் தலை எண்ணெய்க்கும் கட்டியதற்கு யாரும் அவருக்கு ரசீது போட்டுக் கொடுக்கவில்லை. அதனால் அவர் கட்டவில்லை என்று ஆகிவிடாது.